பெரிய கத்தி வாங்குவதென்றால் பிடியிலிருந்து தொடங்குங்கள்

வன்னிப் பக்கம் கூடாரத்தோடு போய் ஓரிரண்டு இரவு தங்கி வருகிற பழக்கம் இப்போது யாழ்ப்பாணத்துப் பெடியளிடம் கூடிக்கொண்டு வருகிறது. எனக்கு அதில் சரியான சந்தோஷம். அப்படிப் போகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, என்ன கத்தி வாங்கலாம்?" கேட்கும்போதே கைபேசியில் ஒரு படத்தையும் எடுத்து நீட்டுவார்கள். அலகு முழுக்கக் கறுப்பு, முதுகில் ஈர்வாள் பல், பிடியில் விரலுக்கு விரல் பள்ளம், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி. எத்தனை அங்குலம், என்ன உருக்கு, எந்த நாட்டுச் சாமான் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். "பிடிச்சுப் பாத்தனீரோ?" என்று கேட்டால், இல்லை. இணையத்தில் பார்த்ததுதான்.

அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வில்லுக்கத்தியைப் பற்றி இல்லை, அது பொக்கற்றில் கிடக்கட்டும். அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாக இருக்கிற, 6 அங்குலத்துக்கு மேல் அலகு நீளமுள்ள பெரிய கத்தியைப் பற்றி.

வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். எங்கள் வறண்ட வலயக் காட்டு மரம் லேசுப்பட்டது இல்லை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் காய்ந்து கிடந்தால் கோடாலியே துள்ளும். குளிர் நாட்டு ஆட்கள் வீடியோக்களில் பைன் மரத்துண்டை நிறுத்திவைத்து, கத்தியை மேலே வைத்து, முதுகில் தடியால் அடித்துச் சடாரென்று பிளந்து காட்டுவார்கள். பைன் மெது மரம், நாரும் நேராக ஓடும். முதிரையில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அப்படிப் பிளக்க வராது. நல்ல வேளையாக, காய்ந்த காலத்தில் எங்களுக்கு அந்தத் தேவையும் பெரிதாக இல்லை. விழுந்து கிடக்கிற சுள்ளியும் மணிக்கட்டு மொத்தக் கொப்புகளும் தேத்தண்ணி வைக்கவும் சோறு காய்ச்சவும் தாராளம். கொப்பில் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டிவிட்டுக் காலால் மிதித்தால் முறிந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில்தான் கதை மாறும். வெளியில் கிடக்கிற விறகு எல்லாம் ஊறிப்போய் இருக்கும், உள்ளே வைரம் மட்டும் காய்ந்திருக்கும், அதை வெளியில் எடுக்கப் பிளந்துதான் ஆகவேண்டும். அப்புறம் கூடாரத்து முளை சீவுவது, படுக்கிற இடத்தில் ஈச்சமுள்ளும் சூரைமுள்ளும் விலக்குவது, தேங்காய் உடைப்பது, இவ்வளவும்தான். பற்றவைக்க வீட்டிலிருந்தே கொஞ்சம் பன்னாடையும் ஊமலும் சாக்கில் போட்டுக்கொண்டு போனால் முதல் நெருப்புக்குக் கத்தியே தேவைப்படாது.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சுண்டிக்குளமும் மடு வீதிப் பக்கமும் 2015 இல் தேசியப் பூங்காக்கள் ஆகிவிட்டன, வில்பத்து 1938 இலிருந்தே அப்படித்தான். அங்கெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது, கத்தியோடு போய் மரத்தில் கைவைக்கவும் முடியாது. நாங்கள் தங்குவது பெரும்பாலும் தெரிந்த ஆட்களின் காணியில், காட்டு ஓரத்தில், அதுவும் காணிக்காரரிடம் யானை வருகிற பாதை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. பச்சை மரத்தை வெட்டவே கூடாது என்பது என்னுடைய பிடிவாதம், அடுப்புக்கு அது எரியவும் மாட்டாது. இன்னொன்று, வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிகிற பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், பலகை இல்லாவிட்டாலும் ஆள் புழங்காத நிலத்தில் கத்தியால் மண்ணைக் கிண்டாதீர்கள். கிடங்கு வெட்டத்தான் கத்தி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனிப் பிடி. பிடியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் வேர்வை. சித்திரை வெயிலில் ஒரு கொப்பை வெட்டி முடிக்கமுதலே உள்ளங்கை நனைந்துவிடும். நனைந்த கையில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் பிடி சுழலும், சுழலாமல் இருக்க நீங்கள் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் முன்னங்கை அயர்ந்துவிடும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொப்புளம் போடும். அயர்ந்த கையிலிருந்துதான் கத்தி நழுவும். உள்காட்டிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உருக்கு கொஞ்சம் மட்டமாக இருந்தால் அடிக்கடி தீட்டவேண்டி வரும், அவ்வளவுதான். பிடி பிழைத்தால் காயம்.

நல்ல பிடி குறுக்குவெட்டில் முட்டை வடிவாக இருக்கும். உருளையாக இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கத்தியைக் கையில் எடுங்கள். வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கை சொல்லவேண்டும், இருட்டில் ரோச் வெளிச்சத்தில் வேலை செய்யும்போது அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். நீளம் 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சின்னவிரல் வெளியில் தொங்கும், வீசி வெட்டும்போது கத்தியை உண்மையில் தாங்குவது சின்னவிரலும் மோதிரவிரலும்தான். அதே காரணத்துக்காகப் பிடியின் அடி கொஞ்சம் தடித்து, கீழ்ப்பக்கம் வளைந்து இருக்கவேண்டும், எங்கள் கொடுவாக்கத்திப் பிடிகளில் அந்தக் காலத்திலிருந்தே அந்த வளைவு இருக்கிறது. விரல் பள்ளம் வெட்டின பிடி வேண்டவே வேண்டாம். அந்தப் பள்ளம் அச்சு செய்த ஆளின் கைக்குத்தான் பொருந்தும், உங்கள் விரல் மேட்டில் போய் உட்கார்ந்தால் அந்த மேடே கொப்புளம் போடும். கையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பிடிக்கவும் அது விடாது. சீவும்போது அலகுக்குக் கிட்ட, வெட்டும்போது அடியில் என்று கை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பிடி என்ன பொருளில் என்பதில் நான் இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று மைக்கார்ட்டா, துணியைப் பிசினில் ஊறவைத்து அடுக்கி அழுத்திச் செய்வது, மெருகு போடாமல் விட்டால் நனைய நனையப் பிடிப்புக் கூடும். மற்றது மரம். மரப்பிடியில் வாணிஷ் பூசியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மண்தாள் போட்டு எண்ணெய் பூசுங்கள், வாணிஷ்தான் கையை உரிக்கும். அமெரிக்க மரைன் படை 1942 இல் எடுத்துக்கொண்ட கே-பார் கத்திக்குத் தோல் வளையங்களை அடுக்கின பிடி, 7 அங்குல அலகு. பேர்போன கத்தி, இன்றைக்கும் செய்கிறார்கள், நானும் விரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் மாரிக்குத் தோல் சரிவராது, பூஞ்சணம் பிடிக்கும், ஊறி இறுகும், பிறகு வெயிலில் காய்ந்து தளரும்.

பிடிக்குள் போகிற இரும்புக்கு வால் என்று வைத்துக்கொள்வோம். வால் பிடியின் அடிவரைக்கும் அதே அகலத்தில் ஓடி, இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அறைந்திருந்தால் அதுதான் பயமில்லாத கட்டு. ஒடுங்கின வால் என்றாலே கூடாது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை, கே-பாரின் வாலே ஒடுக்கமானதுதான். ஒடுங்கின வால் உடைவது அது அலகோடு சேருகிற மூலையில். அந்த மூலையைச் சதுரமாக வெட்டிவிட்டால் அடிக்கிற அடியின் பாரம் முழுக்க அந்த ஒரு புள்ளியில் போய்க் குவியும், ஒருநாள் அங்கே வெடிப்பு விழும். மூலையை வளைவாக விட்டிருந்தால் பாரம் பரவிவிடும். கடையில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் பிரச்சினை, பிடி மூடிவிடுகிறது. அதனால் தெரியாத இடத்தில் வாங்கினால் முழு வால் வாங்குங்கள். பிடிக்குள் வெற்றிடம் விட்டுத் தூண்டிலும் தீக்குச்சியும் அடைத்து வைக்கிற கத்தியில் பெரும்பாலும் வால் ஒரு பெருவிரல் நீளம்தான் இருக்கும், அதை வாங்காதீர்கள். முதுகில் ஈர்வாள் பல் உள்ளதையும் வாங்காதீர்கள். அந்தப் பல் மரத்தை அறுப்பதில்லை, பிளக்க அடிக்கிற தடியைத்தான் தின்னும். அறுக்கவேண்டும் என்றால் மடக்குவாள் ஒன்று வாங்குங்கள், பாரமும் இல்லை, காய்ந்த பாலைக் கொப்பில் எந்தக் கத்தியையும் விட அதுதான் கெதியாக வேலை செய்யும்.

நீளம் 7 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால் போதும். கணக்கு லேசு. பிளக்கும்போது அலகு கட்டையின் மறுபக்கத்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம் வெளியில் நீட்டிக்கொண்டு இருந்தால்தான் அந்த நீட்டின பக்கத்தில் தடியால் அடிக்க முடியும், ஆகவே 7 அங்குல அலகு 5 அங்குலக் கட்டை வரைக்கும் போகும். அதைவிடப் பெரிய கட்டை எங்கள் அடுப்புக்குத் தேவையில்லை. 10 அங்குலத்தைத் தாண்டினால் முளை சீவ முடியாது, நுனி எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. முதுகு 5 மி.மீ. தடிப்பு நல்லது. 6 மி.மீ.க்கு மேல் போனால் பாரம் மட்டும்தான் மிச்சம். கத்தியை ஒரு விரலில் தூக்கிப் பாருங்கள், பிடிக்குக் கொஞ்சம் முன்னால், அலகுப் பக்கம் சமநிலை நின்றால் வெட்டும்போது கத்தியே விழுந்து வேலை செய்யும், கை தள்ளவேண்டியதில்லை.

5 மி.மீ. தடிப்புள்ள கத்தியால் வெங்காயம் அரியலாம் என்று நினைக்காதீர்கள். கரட்டை அது வெட்டாது, பிளக்கும். சமையலுக்குச் சின்னதாக ஒன்று கூடவே வேணும். சுவீடன்காரரின் மோரா கத்தி அதற்கு நல்ல சாமான், அலகு 4 அங்குலச் சொச்சம், மெல்லிசு, விலையும் பரவாயில்லை.

உருக்கைப் பற்றி இணையத்தில் படித்தால் தலை சுற்றும். பெரிய கத்திக்குத் தெரிந்திருக்கவேண்டியது கொஞ்சம்தான். பெரிய கத்தி அடி வாங்குகிற கத்தி, ஆகவே கூர் நிற்பதைவிட உடையாமல் இருப்பது முக்கியம். 1095 என்கிற உருக்கில் காபன் ஏறத்தாழ 0.95 சதவீதம், கே-பாரும் எஸீ என்கிற அமெரிக்கக் கத்திக் கம்பனியும் அதன் வகைகளைத்தான் பாவிக்கின்றன. 5160 இல் காபன் 0.6 சதவீதம் அளவில், கொஞ்சம் குரோமியமும் சேரும், கூர் சற்றுக் கெதியாகப் போகும், ஆனால் அடிக்குத் தாக்குப்பிடிப்பதில் கெட்டி. உருக்கின் கெட்டியைச் சொல்கிற றொக்வெல் அளவில் 56 இலிருந்து 58 வரை இருந்தால் பெரிய கத்திக்கு அளவான பதம். துருப்பிடிக்காத உருக்கில் நல்லவை இருக்கின்றன, மோராவின் கார்பெர்க் 14சி28என் உருக்கில் வருகிறது, ஆனால் அதன் அலகு 109 மி.மீ. மட்டும், நான் சொல்கிற வேலைக்குச் சின்னது.

காபன் உருக்கு துருப்பிடிக்கும். குடாநாட்டில் கடலிலிருந்து தூரமான இடம் என்று ஒன்று இல்லையே, உப்புக் காற்று எல்லா இடமும் வரும். அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது, தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் பூசாதீர்கள், அது நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்துப் படையாக ஒட்டும். தேங்காயெண்ணெய் அப்படிக் காயாது. மாங்காயோ தேசிக்காயோ வெட்டினால் அலகு கறுக்கும், அந்தக் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு கெடுதலும் இல்லை. செம்மஞ்சளாகப் பொடிந்து வருவதைத்தான் உடனே தேய்த்து எடுக்கவேண்டும். கத்தியைத் தோலுறைக்குள் வைத்தபடி மாதக்கணக்கில் அலுமாரியில் போடவேண்டாம், தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும். சீவல் தொழிலாளர் இடுப்பில் கட்டுகிற கத்திக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பாளைக்கத்தியின் வாய் ஆளில் படாமல், அதே நேரம் ஒரு கையால் எடுக்கவும் வைக்கவும் கூடியதாக இருக்கும். எந்த உறை வாங்கினாலும் அந்த இரண்டும் சரியா என்று பாருங்கள், தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் கத்தி விழக்கூடாது.

போகும் வழியில் கத்தி இடுப்பில் இருக்கக் கூடாது. வாள்வெட்டுச் செய்திகள் வந்துகொண்டிருக்கிற ஊரில், மோட்டார் சைக்கிளில் இரண்டு பெடியள் பெரிய கத்தியோடு போனால் பொலிஸ் மறிக்கத்தான் செய்யும், மறிப்பதில் பிழையும் இல்லை. உறையோடு சாக்கில் சுற்றி, கூடாரத்தோடும் சட்டி பானையோடும் சேர்த்து அடியில் கட்டுங்கள். கேட்டால் எங்கே போகிறோம், யாருடைய காணி என்று நேராகச் சொல்லுங்கள்.

"வீட்டிலை கொடுவாக்கத்தி கிடக்குது, அது காணாதோ?" என்று கேட்பவர்களும் உண்டு. வேலி அடைக்க, கதியால் தறிக்க, கிளுவையும் பூவரசும் சீவ அதை அடிக்க ஒன்று இல்லை. பச்சைக் கொப்பை அந்த வளைவு இழுத்து அறுக்கும். ஆனால் முனை உள்ளே வளைந்திருப்பதால் பிளக்கும்போது தடியால் அடிக்க இடம் இல்லை, நுனியால் செய்கிற வேலை ஒன்றும் செய்ய முடியாது. வன்னியில் பாவிக்கிற நீளப் பிடி வைத்த காட்டுக்கத்தி பற்றை வெளியாக்க அருமையானது, கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளத் தோதில்லை.

ஆகவே நான் சொல்வது கொல்லன் பட்டறை. வெளிநாட்டுக் கத்தி நல்லதுதான், ஆனால் பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவேண்டும். பட்டறையில் உங்கள் கைக்கு அளவெடுத்துப் பிடி போடலாம், நான் இவ்வளவு நேரமும் பிடியைப் பற்றிச் சொன்னதற்கு இதைவிட நல்ல தீர்வு தெரியவில்லை. இரும்பும் குறைந்தது இல்லை. லொறி வில்லுத்தகடுதான் எங்கள் கொல்லர்களின் உருக்கு, அது அநேகமாக 5160 அல்லது அதன் இனம், ஜப்பான் முறையில் எஸ்.யு.பி. 9 என்பார்கள். நேபாளத்துக் குக்ரியும் பெரும்பாலும் இதே லொறித் தகட்டில்தான் அடிக்கப்படுகிறது.

நான் போகிற பட்டறையில் ஐயா முதலில் கேட்பார், "தம்பி, உதாலை என்ன வெட்டப் போறீர்?" காய்ந்த கொப்பும் வெட்டவேணும், பிளக்கவும் வேணும் என்றால் தலையாட்டுவார். "பிளக்க எண்டால் முதுகிலை அடிப்பீர் என்ன. அப்ப வாயை மட்டும் தோய்ப்பம், முதுகு பச்சையாக் கிடக்கட்டும்." தோய்ப்பது என்றால் சூடேற்றின இரும்பைச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்குவது. வாய் கெட்டி, முதுகு மெது, அடி விழுந்தால் முதுகு தாங்கிக்கொள்ளும். நேபாளத்தில் கேத்தலால் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றித் தோய்ப்பார்கள், நோக்கம் இதேதான்.

பழைய தகட்டில் ஒரு ஆபத்து உண்டு. வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்பு இருக்கலாம். தகட்டைச் சுத்தமாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே சோக்குத் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் மெல்லிய கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தத் துண்டை விட்டுவிடவேண்டியதுதான்.

தோய்ச்சல் எண்ணெயில் நடக்கவேண்டும். நேபாளத்தில் தண்ணீர் ஊற்றினாலும், இந்த உருக்கைத் தண்ணீரில் முக்கினால் வெடிக்கிற ஆபத்து அதிகம், பட்டறைகளில் பழைய இஞ்சின் ஒயில் வைத்திருப்பார்கள். எந்தச் சூட்டில் முக்குவது என்பதற்கு ஐயாவிடம் ஒரு காந்தத் துண்டு இருக்கிறது. 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும், அதிலிருந்து இன்னும் சற்றுச் சூடேற்றி எடுத்து முக்குவார். முக்கினவுடன் கண்ணாடித்தன்மையாக இருக்கும், கீழே விழுந்தால் உடையலாம். உடனே திரும்ப மெதுவாகச் சூடாக்கிப் பதம் இறக்கவேண்டும். தேய்த்து வெளுப்பாக்கின இடத்தில் நிறம் ஓடுவதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், பிறகு கபிலம், பிறகு ஊதா, நீலம். வாயில் வைக்கோல் நிறம் கபிலத்துக்கு மாறுகிற இடத்தில் நிறுத்துவார். முதுகு நீலமாகவே போகட்டும். இதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிற கொல்லர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

முழுக் காசையும் முதலிலேயே கொடுக்கவேண்டாம். கத்தி முடிந்ததும் ஒரு அரத்தை வாயில் மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும், அல்லது மிகக் கஷ்டப்பட்டுத்தான் கடிக்கவேண்டும். வெண்ணெயில் போல இறங்கினால் தோய்ச்சல் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு பித்தளைக் கம்பியை மேசையில் கிடத்தி, அதன்மேல் வாயைச் சாய்வாக வைத்து அழுத்துங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கூர் ஒரு மயிரளவு வளைந்து, அழுத்தத்தை எடுத்ததும் நிமிரும். வளைந்தபடியே நின்றால் மெது, பொரிந்து விழுந்தால் மிகக் கெட்டி. கடைசியாக நீங்களே கொண்டுபோன காய்ந்த பாலைக் கொப்பு ஒன்றை அங்கேயே வெட்டிவிட்டு, வாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக மினுங்கினால் அந்த இடங்களில் வாய் பொரிந்தோ மடிந்தோ இருக்கிறது. பொரிந்திருந்தால் பதத்தை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லலாம், மடிந்திருந்தால் முதலிலிருந்து தோய்க்கவேண்டும், இரண்டும் அவருக்குப் பழகின வேலைதான். மினுங்காவிட்டால் மிச்சக் காசைக் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.